ஐந்து மில்லிமீட்டர்

கப்ரோவோ, 4 செப்டம்பர் 1999

அல்பேனா,

உன் அட்டை வந்து சேர்ந்தது. "பிலியானா நலம். எங்களைத் தேட வேண்டாம். அவசியம் என்றால் மட்டும் ரூசெ தலைமைத் தபால் நிலையத்தில் என் பெயருக்கு எழுதவும்." அவ்வளவுதான். ஏழு வருஷம் மருமகளாக என் வீட்டில் இருந்தவள், என் பேத்தியையும் சேர்த்து மூன்றே வரியில் முடித்துவிட்டாய். கப்ரோவோக்காரர்கள் கஞ்சம் என்று பல்கேரியா முழுக்கச் சிரிக்கிறார்கள். நீ எங்களையே தோற்கடித்துவிட்டாய், போ.

அட்டையை முதலில் பார்த்தது நான்தான். என் பிள்ளை ரூமென் லாரியோடு வர்னா போயிருந்தான். ஊர் பெயர் இருந்ததால் அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். இனி நீயும் எனக்கு வீட்டுக்கு எழுதாதே. இங்கே தபால் நிலையத்தில் ஸ்லாவ்கா எனக்காக எடுத்து வைப்பாள்.

விலாசம் சொல்லாதே. எனக்குத் தெரியாததை என் வாயிலிருந்து யாரும் பிடுங்க முடியாது.

புது வீட்டுக்குப் போகிறவளுக்கு ரொட்டியும் உப்பும் கொடுப்பார்கள். ரொட்டி நாலு நாளில் பூசணம் பிடித்துவிடும். நான் உனக்கு ஒரு கருவிப் பெட்டி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷம் இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவளுக்குச் சீர் செய்ய வேறென்ன தெரியும்? ரூசெ பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டால் நீ பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு வேலை செய். வாடகை வீட்டுச் சாவி உனக்கு முன்னால் இருந்தவர்கள் எத்தனை பேரிடம் இருக்கிறதோ! கதவை முழுக்கத் திற. விளிம்பில் சாவித்துளையின் நேருக்கு ஒரு திருகாணி தெரியும். அதன் நடுவிலிருந்து உள்பக்கம் எத்தனை மில்லிமீட்டர், வெளிப்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் என்று தனித்தனியாக அளந்து எழுது. சாவி போடும் உருளையை வாங்கி அனுப்புகிறேன்.

நெதா

*

ரூசெ, 13 செப்டம்பர் 1999

நெதா அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே நின்று மூன்று தடவை படித்தேன். எழுதியது நீங்கள்தானா, பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினீர்களா என்று பார்த்தேன். இன்னமும் எனக்கு நிச்சயமில்லை.

பெட்டி வேண்டாம். பஸ் நிலையத்துக்கு இன்ன நாள் இன்ன நேரம் நான் வருவேன் என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும். எலிப்பொறியில் பாலாடைக்கட்டி வைக்கிறவர்கள்கூட இதைவிட மறைத்து வைப்பார்கள்.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நினைவிருக்கிறதா? சூப்பில் உப்பு அதிகம் என்று ஆரம்பித்தது. அவர் என் தலைமுடியைப் பிடித்துச் சமையலறைக் கதவில் மோதினார். கூடத்தில் நீங்கள் இருந்தீர்கள். நான் "அம்மா!" என்று கூப்பிட்டேன். நீங்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டினீர்கள். பனிச்சறுக்குப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. எந்த நாட்டுக்காரன் ஜெயித்தான் என்றுகூட எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அவர் அடித்ததை ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன். அந்தச் சத்தத்தை மறக்க மாட்டேன்.

பூட்டைப் பற்றி நீங்கள் எழுதியது மட்டும் உண்மை. வீட்டுக்காரரைக் கேட்டேன். "பழைய குடித்தனக்காரங்க கிட்ட ஒண்ணு ரெண்டு இருக்கும்மா, அவங்க எல்லாம் நல்லவங்கதான்" என்று சிரிக்கிறார். தூங்கும்போது கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலி வைக்கிறேன். உருளையின் மொத்த நீளம் எழுபது. உள்ளே வெளியே பார்க்க எனக்குப் பொறுமையில்லை.

அல்பேனா

*

கப்ரோவோ, 18 செப்டம்பர் 1999

அல்பேனா,

கூட்டினேன். நீ எழுதியது அத்தனையும் நிஜம். சாக்குச் சொல்ல மாட்டேன். அவன் அப்பன் என்னை அடித்தபோது என் மாமியார் வெளியே போய்க் கோழிக்குத் தீனி போடுவாள். நான் அவளைவிட நல்லவள் என்று முப்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் கோழி இல்லை, டி.வி. இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அல்பேனா.

இப்போது வேலையைப் பார்ப்போம். நீ வேண்டாம் என்றாலும் பெட்டி அடுத்த சனிக்கிழமை, 25ஆம் தேதி, காலை பஸ்ஸில் வருகிறது. பதினொன்றரைக்கு ரூசெ. டிரைவர் பெயர் மித்கோ, மீசைக்காரன். நீயே வர வேண்டாம், யாரையாவது அனுப்பு. யாரும் வராவிட்டால் அவன் திருப்பிக் கொண்டுவந்துவிடுவான், மறுவாரம் மறுபடி அனுப்புவேன்.

பெட்டி சாம்பல் நிறத் தகரம், தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்தது. மேல் தட்டில் லூதெனிட்சா மிளகாய் விழுது நாலு பாட்டில். இந்த வருஷம் மிளகாய் நன்றாகச் சுட்டு வந்தது, பிலியானாவுக்குக் காரமில்லாமல் செய்தேன். யாராவது திறந்து பார்த்தால் பாட்டில்தான் தெரியும். கீழே முந்நூறு கிராம் சுத்தியல். பெரிய சுத்தியல் வாங்கச் சொல்கிறவன் பேச்சைக் கேட்காதே, அவன் சுவரையும் உடைப்பான், விரலையும் உடைப்பான். கொறடு ஒன்று: கடையில் பதினோரு கொறடுகளை ஒற்றைக் கையால் திறந்து மூடிப் பார்த்து இதை எடுத்தேன், கடைக்காரன் என்னைத் துரத்தாத குறை. ஸ்க்ரூ டிரைவர் தட்டை இரண்டு, நட்சத்திரம் இரண்டு. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர். வாய் அகலத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பேனர், இது என்னுடையது, பிடியில் என் நம்பர் 418 கொத்தியிருக்கும். அளவு டேப், கறுப்பு இன்சுலேஷன் டேப், சின்ன அரம், சின்ன ரசமட்டம், கதவுச் சங்கிலி, ஒரு தகர டப்பா நிறையத் திருகாணி. ஆணிகள் நான் நிமிர்த்தி வைத்த பழைய ஆணிகள். சிரிக்காதே.

உருளையும் உள்ளே இருக்கிறது, முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து. என் வீட்டுக் கதவுக்கு அந்த அளவுதான். நீ அளந்து எழுதும் வரை காத்திருக்க எனக்கு மனசு கேட்கவில்லை. விளிம்புத் திருகாணியைக் கழற்று. சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி இழு, பழசு வெளியே வந்துவிடும். புதுசைத் தள்ளித் திருகாணியைப் போடு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சாவியைப் பத்துத் தடவை திருப்பிப் பார், பிறகுதான் மூட வேண்டும். கைப்பிடித் தகட்டையும் இறுக்கு. எல்லாத் திருகாணியின் கோடும் நெட்டுக்குத்தாக நிற்கட்டும். கோணல்மாணலாக விட்டால் என் ஃபோர்மன் காதைத் திருகுவார்.

ரூமென் நேற்று பெட்டியைப் பார்த்துவிட்டான்.

"யாருக்கும்மா இது?"

"கிறிஸ்தேனா மக கல்யாணத்துக்கு."

"கல்யாணத்துக்கு யாராவது சுத்தியல் குடுப்பாங்களா?"

"ஏன், வர்றவன் எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணிடுவான்னு நெனச்சியா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். சிரிக்கும்போது இன்னும் எட்டு வயசுப் பையன் மாதிரிதான் இருக்கிறான்.

நெதா

*

ரூசெ, 28 செப்டம்பர் 1999

நெதா அம்மாளுக்கு,

பெட்டி வந்தது. பத்தரை மணிக்கே போய்ப் பத்திரிகைக் கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கின ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். கடைசி ஆள் போன பிறகும் கால் மணி நேரம் நகரவில்லை. மித்கோ சிகரெட் ஒன்றை முடித்து இரண்டாவதைப் பற்றவைத்தார். அப்புறம்தான் போனேன்.

"இதுக்குள்ள என்னம்மா, டேங்கா? என் முதுகு போச்சு!" என்றார். நான் ரூசெ வந்த பிறகு முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தேன்.

உருளையை நானே மாற்றினேன். பழசு வர மறுத்தது, அழுகையே வந்துவிட்டது. சாவியை ஒரு துளி திருப்ப வேண்டும் என்று நீங்கள் எழுதியதை மறந்திருந்தேன். திருப்பினதும் வெண்ணெயில் கத்தி மாதிரி வந்துவிட்டது. பத்துத் தடவை திருப்பிப் பார்த்தேன். பிலியானா எண்ணினாள். கோடுகள் எல்லாம் நெட்டுக்குத்து, உங்கள் ஃபோர்மன் வந்து பார்க்கலாம். அவளுக்கு ரசமட்டம்தான் பிடித்திருக்கிறது. மேசை, ஜன்னல், என் முதுகு எல்லாவற்றிலும் வைத்து, "அம்மா, நீ கோணல்" என்கிறாள்.

மூன்று நாளாயிற்று, நாற்காலி மேசைக்கே திரும்பிப் போய்விட்டது. நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் தூங்கினேன்.

ஒன்று கேட்க வேண்டும். உருளை வெளிப்பக்கம் தகட்டைவிடக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே அதே அளவு பள்ளம். பரவாயில்லைதானே?

அல்பேனா

*

கப்ரோவோ, 3 அக்டோபர் 1999

அல்பேனா,

பரவாயில்லையா? கடவுளே, கடவுளே! எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? ஐந்து மில்லிமீட்டர் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். உன் கதவுக்கு வெளியே முப்பது, உள்ளே நாற்பது. இதற்குத்தான் தனித்தனியாக அள என்றேன், நீயும் கேட்கவில்லை, நானும் பொறுக்கவில்லை. தப்பு என்னுடையது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உருளையைக் கொறட்டால் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினால் நடுவில் முறிந்துவிடும். அரை நிமிஷ வேலை. லாரி ஓட்டுகிறவன் எவன் பையிலும் கொறடு இருக்கும்.

முப்பதுக்கு நாற்பது வாங்கிவிட்டேன். 7ஆம் தேதி வியாழக்கிழமை மித்கோவிடம் வருகிறது. அன்றைக்கே மாற்று. சாப்பாட்டை அடுப்பில் வைத்திருந்தால் அணைத்துவிட்டு மாற்று. சங்கிலியையும் போட்டாயா? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

ரூமென் சரியில்லை. வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் குடித்தான். "எம் பொண்ண என்கிட்டருந்து பிரிச்சுட்டா, அவள நான் சும்மா விடமாட்டேன்" என்கிறான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தேன். ஊர் தெரியாத வரைக்கும் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நெதா

*

ரூசெ, 13 அக்டோபர் 1999

வந்துவிட்டார். உங்கள் மகன் நேற்று சாயங்காலம் என் கதவுக்கு முன்னால் நின்றார்.

பிலியானாவைக் குளியலறையில் வைத்துப் பூட்டினேன். முதலில் நயமாகப் பேசினார், "கண்ணு, கதவத் தொற, பேசலாம்." அப்புறம் உதைத்தார். அப்புறம் சத்தமே இல்லை. பூட்டில் இரும்பு உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொறடு. நீங்கள் சொன்ன அதே கொறடு. புது உருளை தகட்டோடு தகடாக இருந்ததால் பிடி கிடைக்கவில்லை, வழுக்கி வழுக்கிப் போனது. கட்டிடக் காரியங்களைப் பார்க்கும் ஸ்தானிமிர் பெரியவர் நாயோடு இறங்கி வந்து போலீசைக் கூப்பிட்ட பிறகுதான் போனார். போலீஸ்காரர், "குடும்பப் பிரச்சினைம்மா, பேசித் தீத்துக்கங்க" என்றார்.

போகும்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எங்கம்மா கைவேலை எனக்குத் தெரியாதா?" என்றார்.

ரூசெ என்று தெரிந்தவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். மித்கோவைப் பின்தொடரச் சொன்னீர்களா? அல்லது அவர் அழுதாரா, உங்களுக்கு மனசு இளகிவிட்டதா? எனக்குப் புரியவில்லை. அவனையும் அனுப்பி, அவன் உடைக்க முடியாத பூட்டையும் அனுப்பி வைப்பாளா ஒரு மனுஷி? குழந்தை நேற்றிலிருந்து பேசவில்லை.

இனி எழுதாதீர்கள்.

அ.

*

கப்ரோவோ, 17 அக்டோபர் 1999

அல்பேனா,

எழுத்து கோணலாக இருப்பதைப் பொருட்படுத்தாதே. நிலவறைக் கதவில் வலது கை நசுங்கிவிட்டது, இடது கையால் எழுதுகிறேன்.

நான் சொல்லவில்லை. ஸ்லாவ்காவிடம்கூடச் சொல்லவில்லை. அவனிடமே கேட்டேன். நீ உட்கார்ந்துகொண்டு படி.

9ஆம் தேதி சனிக்கிழமை அவனோடு வேலை செய்கிறவன் ஒருவன் ரூசெயில் சோபா இறக்கப் போயிருக்கிறான். ஒரு கட்டிட வாசலில் உன் அம்மா யொர்தான்காவின் படத்தோடு அஞ்சலிக் காகிதம் ஒட்டியிருந்தது. "ஆறு மாதம் ஆகிறது நீ எங்களை விட்டுப் போய். ஆறாத துயரத்துடன் மகள் அல்பேனா, பேத்தி பிலியானா." அவன் உன் அம்மா சாவுக்கு வந்திருந்தவன், முகம் தெரியும். மறக்காமல் வந்து சொல்லிவிட்டான்.

பெண்ணே, வாசலில் பெயரைப் போட்டு ஒட்டினாயா? விலாசத்தை மாமியாரிடம் மறைத்துவிட்டுச் செத்துப்போன அம்மாவிடம் சொன்னாயா?

திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானாக இருந்தாலும் ஒட்டியிருப்பேன். பெற்றவளுக்கு ஆறு மாதத்துக் காகிதம் ஒட்டாமல் இருக்க நம்மில் யாருக்குக் கை வரும்? வெளியூரில் இருந்தால் என்ன, ஒளிந்திருந்தால் என்ன, ஒட்டத்தான் செய்வோம்.

என் பங்குக்கு நானும் ஒரு முட்டாள்தனம் செய்திருக்கிறேன். உன் கதவில் திருகாணிக் கோடுகள் எல்லாம் நெட்டுக்குத்தாக நின்றதாம். இந்த வீட்டில் ஒவ்வொரு கதவும், ஒவ்வொரு அலமாரியும் அப்படித்தான். சின்ன வயசில் அவனுக்கு அதைக் காட்டிக் கொடுத்ததே நான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வந்து கேட்டான். ஆமாம் என்றேன்.

சங்கிலியைப் போடு. வேறு வீடு பார். பிலியானா பேசினாளா? அதை மட்டும் எழுது.

நெதா

*

ரூசெ, 22 அக்டோபர் 1999

அம்மா,

பேசினாள். நேற்று ரசமட்டத்தைக் கதவில் வைத்துப் பார்த்து, "கோணல் இல்ல" என்றாள்.

அந்தக் காகிதத்தை நானே பசை காய்ச்சி ஒட்டினேன். ஒட்டிவிட்டுப் படத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். யாராவது பார்ப்பார்கள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அம்மா முகம் இந்த ஊரில் எங்கேயும் இல்லையே என்ற ஏக்கம்தான் இருந்தது. உங்களைச் சந்தேகப்பட்டதற்கு என்னை மன்னியுங்கள். ஸ்தானிமிர் பெரியவர் தன் தங்கையின் வீட்டு மாடியில் ஒரு அறை பார்த்துக் கொடுத்திருக்கிறார். ஞாயிறன்று போகிறோம். இந்த முறை அந்த அறைக் கதவை விளிம்புத் திருகாணியிலிருந்து இரண்டு பக்கமும் அளந்துவிட்டேன். அங்கேயும் முப்பது, நாற்பது. என் உருளையைக் கழற்றிக் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்வேன். கோடுகளைக் கோணல்மாணலாக விடுவேன், ஃபோர்மனிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது நீங்கள் உட்காருங்கள்.

உங்கள் நிலவறைக் கதவு எனக்குத் தெரியும். ஏழு வருஷம் அதன் வழியாக ஊறுகாய் ஜாடி தூக்கியவள் நான். அது துணி மாதிரி லேசான பலகைக் கதவு. அதில் கை நசுங்காது. நான் மூன்று வருஷம் படியில் விழுந்தேன், அலமாரியில் இடித்துக்கொண்டேன், ஐஸில் வழுக்கினேன். பல் டாக்டரிடம்கூட அப்படித்தான் சொன்னேன். அம்மா, மற்றவர்களிடம் சொல்லுங்கள். என்னிடம் நிலவறைக் கதவுக் கதை சொல்லாதீர்கள்.

"ஆமாம் என்றேன்" என்று எழுதி அடுத்த வரியில் சங்கிலிக்குப் போய்விட்டீர்களே. நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதா? தபால் நிலையத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. 28ஆம் தேதி வியாழக்கிழமை மித்கோ உங்களிடம் ஒரு பெட்டி கொடுப்பார். மேலே சீமைமாதுளை ஜாம். அடியில், துணியில் சுற்றி, முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து. எனக்குப் பொருந்தாதது. உங்கள் கதவுக்கு அந்த அளவுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாவிகள் மூன்றும் உறையில் இருக்கின்றன. நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரில் சின்னதையும் வைத்திருக்கிறேன், உங்களுடையதையெல்லாம் எனக்கல்லவா கொடுத்துவிட்டீர்கள்.

எப்படிப் போடுவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் போடுங்கள். உங்கள் மகன்தான், தெரியும். போடுங்கள்.

அல்பேனா

*

கப்ரோவோ, 2 நவம்பர் 1999

அல்பேனா,

ஜாம் நன்றாக இருக்கிறது, சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

உருளை நாலு நாள் மேசை மேல் கிடந்தது. அதற்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான், தட்டை எடுத்துப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் கையைப் பார்த்து, "டாக்டர்கிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டான். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. என்ன சொன்ன என்றுதான் கேட்டான். சூப்பை அவனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன், கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

நேற்று காலை அவன் புர்காஸுக்கு லாரி எடுத்துக்கொண்டு போனதும் வேலையை ஆரம்பித்தேன். இருபத்தாறு வருஷம் வேலை செய்தவளுக்கு இரண்டு நிமிஷ வேலை. ஒரு கையால் ஒரு மணி நேரம் ஆனது. அவன் துணிமணி, பூட்ஸ், ஷேவிங் சாமான் எல்லாவற்றையும் இரண்டு பையில் அடுக்கி வெளியே வைத்தேன். அவன் சித்தப்பா கிராமத்து வீடு காலியாக இருக்கிறது, அந்தச் சாவியையும் பையில் போட்டேன். சட்டைகளை இஸ்திரி போட்டு வைத்தேன். என்னை என்ன செய்யச் சொல்கிறாய், பெற்றிருக்கிறேனே.

இன்று சாயங்காலம் வந்தான். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தான். "அம்மா, பூட்டு கெட்டுப்போச்சு, தொற" என்றான். பைகளைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. பிறகு கத்தினான். பிறகு படியில் உட்கார்ந்து அழுதான், "அம்மா, எனக்கு யாரும் இல்ல, அம்மா" என்று. இந்தக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் அவன் முதன்முதலில் எழுந்து நின்றான். கை தானாகப் பூட்டுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

அவன் வரும்போது டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் எழுந்து போகிற வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன்.

சாவிகள் மூன்று. ஒன்று என்னிடம், ஒன்று ஸ்லாவ்காவிடம். மூன்றாவது இந்த உறைக்குள் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டியிருக்கிறது. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பிலியானாவைக் கூட்டிக்கொண்டு வா. மணி அடிக்க வேண்டாம், நீங்களே திறந்துகொண்டு உள்ளே வாருங்கள்.

அம்மா